தனியாளும் குடும்பமும்: நியூயார்க் காப்பகங்களின் இரண்டு கணக்குகள்

நியூயார்க்கில் வீடிழந்த ஓர் ஆண் இரவு தங்க இடம் கேட்டுப் போனது மன்ஹாட்டனின் கிழக்கு 30ஆம் தெருவுக்கு. பழைய பெல்வியூ மனநல மருத்துவமனைக் கட்டடம். நெடுங்காலமாகத் தனி ஆண்களுக்கான வாசல் அதுவாக இருந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னால், அன்றிரவே எங்காவது ஒரு கூடத்தில் கட்டில் கிடைக்கும். கைக்குழந்தையோடு வரும் ஒரு தாய்க்கு அந்த வாசல் கிடையாது. அவர் பிராங்ஸ் பகுதியில் 'பாத்' என்று அழைக்கப்படும் அலுவலகத்துக்குப் போகவேண்டும். கடந்த இரண்டு ஆண்டுகளில் எங்கெங்கே தங்கினார், யார் வீட்டில், ஏன் வெளியேறினார் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். விசாரணை முடியும்வரை, பத்து நாள் அளவில், தற்காலிகமாக ஓர் அறை தருவார்கள். அக்கா வீட்டுக் கூடத்தில் இன்னும் படுக்க இடமிருக்கிறது என்று அதிகாரி முடிவுகட்டினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும். தாயும் குழந்தையும் மறுபடி வரிசையில் நிற்கவேண்டியதுதான்.

இரண்டு பேரையும் கவனிப்பது ஒரே மாநகராட்சியின் ஒரே துறை. ஆனால் உள்ளே போனபின் இவர்கள் காப்பகத்தைப் பயன்படுத்தும் விதம் வேறு வேறு. எத்தனை இரவு தங்குகிறார்கள், போனவர்கள் திரும்பி வருகிறார்களா, எதற்காக வெளியேறாமல் இருக்கிறார்கள் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்நகரத்தில் எண்ணிவருகிறார்கள். அந்த எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது. தனியாள் ஒருவர் ஆண்டுக்கணக்கில் காப்பகத்தில் கிடந்தால், அவருடைய உடம்பையும் மனத்தையும் பற்றி ஏதோ தெரிந்துகொள்ள முடிகிறது. குடும்பம் ஒன்று அப்படிக் கிடந்தால், பெரும்பாலும் காப்பகத்தின் விதிகளைப் பற்றித்தான் தெரிந்துகொள்ள முடிகிறது.

இரண்டு வாசல்கள் உருவானதற்குக் காரணம் இரண்டு வழக்குகள். 1979இல் ராபர்ட் ஹேஸ் என்ற இளம் வழக்கறிஞர், தெருவில் படுத்திருந்த ஆண்களின் சார்பில் மாநில ஆளுநர்மீதும் நகரத்தின்மீதும் வழக்குத் தொடுத்தார். வறியோரைப் பேணுவது அரசின் கடமை என்று 1938இல் மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட ஒரு விதிதான் அவருடைய பிடி. 1981இல் இரு தரப்பும் ஒப்புக்கொண்ட ஆணை பிறந்தது: கேட்கும் ஆணுக்கெல்லாம் நகரம் படுக்கை தரவேண்டும். கட்டிலின் அகலம் 30 அங்குலத்துக்குக் குறையக்கூடாது என்பதுவரை அதில் எழுதினார்கள். வழக்கில் முதற்பெயராக நின்ற ராபர்ட் கலஹன் அந்த ஆணையைப் பார்க்கவில்லை. அதற்கு முன்பே தெருவில் இறந்துபோயிருந்தார். குடும்பங்களுக்கான வழக்கு 1983இல் தொடங்கி, பல ஆணைகளும் மேல்முறையீடுகளும் கடந்து, 2008இல்தான் சமரசத்தில் முடிந்தது. கால் நூற்றாண்டு.

சட்டம் பிறந்த வேகத்தில் இடம் பிறக்கவில்லை. ஆண்களை ராணுவப் பயிற்சிக் கொட்டகைகளில் அடுக்கினார்கள். ஃபோர்ட் வாஷிங்டன் கொட்டகையில் ஒரே தளத்தில் நூற்றுக்கணக்கான கட்டில்கள் வரிசையாக நின்றன. குடும்பங்களைக் கூடத்தில் போட முடியாது என்பதால் பாழடைந்த விடுதிகளில் அறை பிடித்துக் கொடுத்தார்கள். அவற்றில் பெயர்பெற்றது ஹெரால்டு சதுக்கத்துக்கு அருகிலிருந்த மார்ட்டினிக். எழுத்தாளர் ஜானதன் கோசோல் 1988இல் எழுதிய புத்தகத்தால் அமெரிக்கா முழுவதும் அந்தப் பெயர் தெரிந்தது. எலி ஓடும் அறைதான், அடுப்பில்லாத அறைதான். ஆனாலும் கதவு இருந்தது, உட்பக்கத் தாழ்ப்பாள் இருந்தது. இந்தக் கதவு சிறிய விஷயமில்லை. கூடத்தில் படுப்பவர் செருப்பைத் தலைக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கவேண்டும். திருட்டுக்கும் அடிதடிக்கும், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காசநோய்க்கும் பயந்து, கட்டில் இருந்தும் சுரங்க ரயிலிலேயே இரவைக் கழித்த ஆண்கள் ஏராளம். குடும்பங்கள் அப்படி ரயிலுக்கு ஓடுவதில்லை. குழந்தையோடு தெருவில் இருந்தால் குழந்தையை அரசு எடுத்துக்கொண்டுவிடும் என்ற அச்சம் அவர்களை உள்ளேயே இருத்தும்.

இனி எண்களுக்கு வருவோம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கல்ஹேன் செய்த முதல் நல்ல காரியம், ஓர் இரவில் தலைகளை எண்ணுவதை விட்டுவிட்டுக் காப்பகப் பதிவேடுகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தது. 1988 முதல் 1992 வரையிலான ஐந்தாண்டில் நியூயார்க் மக்கள்தொகையில் 3.3 சதவீதம் பேர் ஒரு நாளாவது நகரக் காப்பகத்தில் படுத்திருந்தார்கள். ஓர் இரவுக் கணக்கில் இதன் சாயல்கூடத் தெரியாது. நெடுநாள் கிடப்பவர் எந்த இரவில் எண்ணினாலும் அகப்படுவார். இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனவர் பெரும்பாலும் அகப்படமாட்டார். வீடற்றவர் என்றதும் தாடி வளர்ந்து, தனக்குள் பேசிக்கொண்டு, பையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உருவம் மனத்தில் வருவதற்கு இந்த எண்ணும் முறையும் ஒரு காரணம்.

1998இல் கல்ஹேனும் ராண்டல் கூனும் நியூயார்க், ஃபிலடெல்ஃபியா நகரங்களின் தனியாட்களை, தங்கிய நாட்களையும் திரும்பி வந்த தடவைகளையும் மட்டும் வைத்து மூன்றாகப் பிரித்தார்கள். வந்து போகிறவர்கள், போய்ப் போய்த் திரும்புகிறவர்கள், தங்கிப்போனவர்கள் என்று சொல்லலாம். நியூயார்க்கில் சுமார் 80 சதவீதத்தினர் முதல் வகை. மூன்று ஆண்டில் ஓரிரு முறை வந்து, சராசரியாக இரண்டு மாதத்துக்குச் சற்றுக் குறைவாகத் தங்கி, பிறகு கண்ணில் படாமல் போனவர்கள். பத்தில் ஒரு பங்கினர் நாலைந்து தடவை வந்து போனார்கள். நடுநடுவே மருத்துவமனை, சிறை, போதை மீட்பு இல்லம், தெரு. இன்னொரு பத்தில் ஒரு பங்கினர் வந்தவர்கள் வந்தபடியே இருந்தார்கள். மூன்று ஆண்டில் சராசரியாக 638 நாள். இந்தச் சிறு கூட்டம் மட்டும் மொத்தப் படுக்கை நாட்களில் ஏறக்குறையப் பாதியை எடுத்துக்கொண்டது.

யார் இந்தத் தங்கிப்போனவர்கள்? வயது கூடியவர்கள். மனநோய், குடி அல்லது போதை, உடல்நோய் ஆகியவை முதல் வகையினரைவிட இவர்களிடம் தெளிவாக மிகுதி. ஆக, தனியாட்களில் நீண்ட தங்கலும் ஆழ்ந்த நோயும் ஒன்றையொன்று சுட்டின. கல்ஹேன் குழு பின்னர் கண்ட வேறொரு செய்தி இதைவிட என்னை உலுக்கியது. காப்பகத்தில் இருந்த தனி ஆண்களில் மற்ற வயதினரைவிட மிகுந்திருந்தது தொடர்ந்து ஒரே தலைமுறை, ஏறத்தாழ 1955க்கும் 1965க்கும் இடையில் பிறந்தவர்கள். 1990இல் எண்ணியபோது முப்பதுகளின் நடுவில் இருந்தார்கள். 2010இல் எண்ணியபோது ஐம்பதை ஒட்டி இருந்தார்கள். எழுபதுகளின் இறுதியில் வேலைச் சந்தைக்கு வந்து, வேலையும் மலிவு அறைகளும் ஒருசேர மறைந்ததைப் பார்த்த கூட்டம் அது. நகரம் அவர்களுக்குக் கட்டில் கொடுத்தது. அந்தக் கட்டிலிலேயே அவர்களுக்கு நரைத்தது.

குடும்பப் பக்கம் வயது தலைகீழ். அமெரிக்காவில் ஒரு மனிதர் காப்பகத்தில் தங்க நேரும் வாய்ப்பு மிக அதிகமாக இருக்கும் வயது, பிறந்து ஓராண்டு நிறையாத பருவம். நியூயார்க் காப்பகங்களில் உள்ள தலைகளை எண்ணினால் அண்மைப் பல ஆண்டுகளாகப் பாதிக்கு மேல் குடும்பங்களோடு இருப்பவர்கள்தான். குடும்பத் தலைமை பெரும்பாலும் இளம் தாய்மார். கணவனோ துணைவனோ அடிப்பது, வீட்டுக்காரர் காலிசெய்யச் சொல்வது, ஒண்டிக்கொண்டிருந்த உறவினர் வீட்டில் இடம் போதாமல் போவது ஆகியவைதான் வாசலில் அவர்கள் சொல்லும் முதன்மைக் காரணங்கள்.

2007இல் கல்ஹேனும் கூட்டாளிகளும் அதே அளவுகோலைக் குடும்பங்கள்மீது வைத்தார்கள். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா, ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ், மாசசூசெட்ஸ் மாநிலம் ஆகிய நான்கு இடங்களின் பதிவேடுகள். மேலோட்டமாகப் பார்த்தால் அதே படம்: முக்கால்வாசிக் குடும்பங்கள் வந்து போகின்றன, ஐந்தில் ஒரு பங்கு நெடுநாள் தங்குகின்றன, அந்த ஐந்தில் ஒரு பங்கு செலவில் பாதியை உறிஞ்சுகின்றன. போய்த் திரும்புகிற குடும்பங்கள் மிகச் சில. ஆனால் உள்ளே நோண்டினால் படம் மாறுகிறது. நெடுநாள் தங்கும் குடும்பங்களிடம் மனநோயோ போதையோ இயலாமையோ குழந்தை நலத்துறைத் தலையீடோ, சீக்கிரம் போய்விட்ட குடும்பங்களைவிடக் கூடுதலாக இல்லை. அத்தகைய சிக்கல்கள் மிகுந்திருந்தது அடிக்கடி வந்து போன சிறு கூட்டத்திடம்தான். அதாவது செலவு அதிகம் போன இடத்தில் நோய் அதிகமில்லை. நோய் அதிகமிருந்த குடும்பங்கள் ஓரிடத்தில் நிற்கமுடியாமல் அலைந்தன.

அப்படியானால் ஐந்தில் ஒரு குடும்பம் ஏன் தங்கிப்போயிற்று? ஆய்வாளர்களின் விடை: திட்டங்களின் வடிவம். பயிற்சி வகுப்பை முடிக்கவேண்டும், சேமிப்பைக் காட்டவேண்டும், வாடகை உதவிச்சீட்டு வரும்வரை காத்திருக்கவேண்டும் என்று காப்பகங்கள் விதித்த நிபந்தனைகளுக்குப் பொறுமையாக ஒத்துப்போகிற குடும்பங்களே நீண்ட நாள் இருந்தன. ஒழுங்காக இருந்ததற்குக் கிடைத்த பரிசு, கூடுதல் மாதங்கள் காப்பக வாழ்க்கை! சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன் என்று காப்பகம் நடத்துவோர் கோபிக்கலாம். ஆனால் ஒரே மாதிரிக் குடும்பம் ஓர் ஊரில் சில மாதமும் இன்னோர் ஊரில் ஓராண்டும் தங்குகிறதென்றால், வேறுபாட்டைக் குடும்பத்துக்குள் தேடுவது வீண்வேலை.

ஆய்வாளர் மேரிபெத் ஷின் நியூயார்க்கில் காப்பகம் கேட்டு வந்த குடும்பங்களை ஐந்தாண்டு கழித்துத் தேடிப்போய்ப் பார்த்தார். ஐந்தில் நான்கு குடும்பங்கள் சொந்தமாக ஓர் இருப்பிடத்தில் இருந்தன. நிலைத்தவர்களை நிலைக்காதவர்களிடமிருந்து பிரித்த முதன்மைக் காரணம் தாயின் மனநலமோ படிப்போ இல்லை. வாடகை மானியம் உள்ள வீடு கிடைத்ததா என்பதே. 1998இல் வெளியான அந்த முடிவைப் பிறகு கூட்டரசின் வீட்டு வசதித் துறை 12 இடங்களில் 2,282 குடும்பங்களைக் கொண்டு குலுக்கல் முறையில் சோதித்தது. நீண்டகால வாடகைச் சீட்டு பெற்ற குடும்பங்கள் மறுபடி வீடிழப்பது பாதிக்கு மேல் குறைந்தது. வீட்டோடு அறிவுரையும் வகுப்பும் சேர்த்துத் தந்த இடைக்கால இல்லங்களுக்குச் செலவு மிகுந்தும் அந்தப் பலன் இல்லை.

தனியாட்கள் பக்கம் வீடு மட்டும் போதுமா என்ற கேள்வி இன்னும் சிக்கலானது. மருந்தை ஒழுங்காக எடுத்து, குடியை விட்டு, கூட்டு இல்லத்தில் நடத்தையைக் காட்டிய பிறகே தனி வீடு என்பது பழைய ஏணி. 1992இல் நியூயார்க்கில் சாம் சம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய அமைப்பு அந்த ஏணியைக் கழற்றி வைத்தது. முதலில் வீட்டுச் சாவி. மருத்துவரும் சமூகப் பணியாளரும் பின்னால் வந்து கதவைத் தட்டுவார்கள். ஐந்தாண்டு கழித்து அந்த அமைப்பின் குடியிருப்பாளர்களில் 88 சதவீதத்தினர் வீட்டிலேயே இருந்தார்கள். ஏணி முறையில் ஏறியவர்களில் 47 சதவீதம். கடும் மனநோயுள்ள 4,679 பேரைப் பற்றிய இன்னொரு கணக்கை கல்ஹேன் குழு 2002இல் வெளியிட்டது. தெருவிலும் காப்பகத்திலும் மருத்துவமனையிலும் சிறையிலுமாக அலைந்தபோது ஒருவருக்கு ஆண்டுக்குச் சுமார் 40,500 டாலர் அரசுப் பணம் செலவானது. உதவியோடு கூடிய வீடு தந்தபின் மிச்சமான தொகை ஏறத்தாழ அந்த வீட்டின் செலவுக்கே ஈடாயிற்று. வீடு தராமல் இருப்பதற்கும் அரசு வாடகை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் இந்தத் தனியாட்களுக்கு வீட்டோடு மருத்துவரும் போகவேண்டியிருந்தது என்பதை மறக்கக்கூடாது. பெரும்பாலான குடும்பங்களுக்கு வாடகை மட்டும் போதுமாக இருந்தது.

குடும்பங்களுக்கு எதிராக நியூயார்க்கில் அடிக்கடி எழும் குரல் ஒன்றுண்டு: மானிய வீட்டுக்குக் குறுக்குவழி என்று தெரிந்தே காப்பகத்துக்குள் வருகிறார்கள் என்பது. 1990 வாக்கில் மேயர் டின்கின்ஸ் காப்பகக் குடும்பங்களுக்கு அரசுக் குடியிருப்பில் முன்னுரிமை தந்தபோது வருகை ஏறியது. அதற்கு 'டின்கின்ஸ் வெள்ளம்' என்று பெயரே வந்துவிட்டது. மைக்கேல் கிராக், பிரெண்டன் ஓஃப்ளாஹர்ட்டி என்ற இரு பொருளியலாளர்கள் அதைக் கணக்குப்போட்டுப் பார்த்தார்கள். வீடு கிடைக்கும் என்ற நம்பிக்கை சிலரை இழுத்தது உண்மைதான். ஆனால் வீடு பெற்று வெளியேறியவர்களின் எண்ணிக்கை அதைவிட அதிகம் என்பது அவர்களின் முடிவு. குரல் என்னவோ அடங்கவில்லை. 2011இல் மாநிலம் பணத்தை நிறுத்தியதால் 'அட்வான்டேஜ்' என்ற வாடகை உதவித் திட்டம் மூடப்பட்டது. வீடு தருவதை நிறுத்தினால் வருகை வற்றும் என்ற வாதம் சரியா என்று பார்க்க அதுவே வாய்ப்பாயிற்று. 2013 தொடக்கத்தில் காப்பகங்களில் இருந்தோர் 50,000ஐத் தாண்டினார்கள்.

நம் ஊர்க்காரருக்கு இதில் ஓர் அந்நியத்தன்மை தோன்றும். உச்ச நீதிமன்றம் 2010இல் விதித்தபடி லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம் என்பதே இந்திய நகரங்களின் அளவு. சென்னையில் அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளியின் துணைக்கு வந்தோர் தங்கும் காப்பகங்கள் நிரம்புகின்றன. சிகிச்சை முடிந்தால் அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். வந்து போகிறவர்களுக்கு இதைவிடத் தூய உதாரணம் கிடைக்காது. வட சென்னையின் நடைபாதைகளில் தலைமுறையாக அடுப்பு மூட்டும் குடும்பங்களோ காப்பகத்தின் பக்கம் வருவதில்லை. அப்பனை ஓரிடத்திலும் தாயையும் பிள்ளைகளையும் இன்னோரிடத்திலும் படுக்கவைக்கும் கூரையைவிட, எல்லாரும் ஒன்றாய்ப் படுக்கும் பிளாட்பாரம் அவர்களுக்கு மேல். அங்கே குடும்பங்கள் காப்பகத்தில் தங்கிப்போகின்றன, இங்கே உள்ளே நுழைவதே இல்லை. இரண்டிடத்திலும் முடிவெடுத்தது கட்டடத்தின் விதி.

2022 வசந்தத்திலிருந்து நியூயார்க்குக்கு மூன்றாவதாக ஒரு கூட்டம் வந்தது. தெற்கு எல்லையைக் கடந்து புகலிடம் கேட்டு வந்தவர்கள். இரண்டே ஆண்டில் இரண்டு லட்சத்துக்கும் மேல். காப்பகத் தலைக்கணக்கு 2023இல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மூடிக்கிடந்த ரூசவெல்ட் ஓட்டல் வரவேற்பு மையமாயிற்று.  இவர்களில் தனியாட்கள் பெரும்பாலும் வேலை தேடும் இளைஞர்கள். பழைய தனியாட்களிடம் நீண்ட தங்கலுக்குக் காரணமாயிருந்த முதுமையும் நோயும் இவர்களிடம் அவ்வளவாக இல்லை. ஆனால் சட்டப்படி வேலை அனுமதி பெற, புகலிட மனுப் போட்டு 180 நாள் ஆகவேண்டியிருந்தது. நகரம் அந்த இளைஞர்களுக்குக் கொடுத்த கெடுவோ 2023 செப்டம்பரிலிருந்து 30 நாள். பிள்ளைகளுள்ள குடும்பங்களுக்கு 60 நாள்.

கெடு முடிந்த குடும்பங்கள் மறுபடி ரூசவெல்ட்டுக்குப் போய் விண்ணப்பித்தன. அறை கிடைத்தாலும் வேறு பகுதியில் கிடைக்கலாம். பிள்ளையின் பள்ளி ஒரு மணிநேரப் பயணத்துக்கு அப்பால் போய்விடும். தனியாட்கள் ஈஸ்ட் வில்லேஜில் மூடப்பட்ட செயின்ட் பிரிஜிட் பள்ளியின் முன் குளிரில் வரிசையில் நின்றார்கள். விமானச் சீட்டு வேண்டுமா, இன்னொரு கட்டிலுக்குக் காத்திருக்கிறாயா என்று உள்ளே கேட்டார்கள். காத்திருப்பு ஒரு வாரத்துக்கு மேலும் நீண்டது. 2024 மார்ச்சில் சட்ட உதவிச் சங்கத்தோடு செய்த சமரசத்தில் சில விலக்குகள் சேர்ந்தன. வயதுவந்த தனியாட்களுக்கான 30 நாள் கெடு அப்படியே நின்றது.

கல்ஹேனும் கூனும் 1998இல் ஒரு விதி வைத்திருந்தார்கள். காப்பகத்தை விட்டுப் போன ஒருவர் 30 நாளுக்குள் திரும்பினால் அவர் போகவே இல்லை என்று கொள்ளவேண்டும். அது ஒரே தங்கல். அந்த அளவுகோலில் வைத்தால், பள்ளி வாசலில் பத்து நாள் நின்று அடுத்த கட்டிலுக்குப் போன இளைஞர் ஒருநாளும் வெளியேறவில்லை. நகரத்தின் பதிவேட்டில் அவர் கெடு முடிந்து வெளியேறியவர்களில் ஒருவர். அடுத்த கட்டில் கிடைத்த அன்று புதிதாக வந்தவர்.